பங்காளியும் கூட்டாளியும்: சிறு எந்திரத் தொழிற் பிணக்குகளின் சொல்லாடல் – சேர்வராயன் மலை வழக்காற்றை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தொழிலில் உடன் சேர்ந்தவரைக் குறிக்கத் தமிழில் பங்காளி, பங்குதாரர், கூட்டாளி என்னும் மூன்று சொற்கள் வழங்குகின்றன. முதல் இரண்டும் பிரித்தலையும் மூன்றாவது சேர்தலையும் வேர்ப்பொருளாகக் கொண்டவை. சிறு எந்திரத் தொழிலில் கூட்டு முறியும்போது நிலப் பாகப்பிரிவினையின் சொற்களே வழக்காடும் சொற்களாகின்றன. அவை பட்டறைக்குப் பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் வினா. சேர்வராயன் மலை மக்களின் தோற்றக் கதை, 1932ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 1966இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஓர் அரிசி ஆலை வழக்கில் இடம்பெற்ற கரார் ஆகிய மூன்றும் பனுவல்களாகக் கொள்ளப்பட்டு ஒப்பிடப்படுகின்றன. பிணக்கின் மையம் பொருளைப் பிரிப்பதில் இல்லை, கணக்கை ஒப்புவிப்பதில் உள்ளது என்பது முடிவாக முன்வைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பங்காளி, கூட்டாளி, பாகப்பிரிவினை, கூட்டாண்மைச் சட்டம், சேர்வராயன் மலை, பட்டறை, கணக்கு

முன்னுரை

சேலம் நகருக்கு வடக்கே எழும் சேர்வராயன் மலைத்தொடரும் அதன் அடிவாரச் சமவெளியும் எந்திரத்தால் பிணைக்கப்பட்ட நிலப்பகுதிகள். மலைமீது ஏற்காட்டைச் சுற்றிய தோட்டங்களில் காப்பி விளைகிறது. சேலம் ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் 1820களில் இங்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்பது அறியப்பட்ட செய்தி. பறித்த காப்பிப் பழத்தை அன்றைக்கே பல்ப்பரில் இட்டுத் தோலும் கூழும் நீக்கியாக வேண்டும். தாமதித்தால் பழம் புளித்துக் கொட்டையின் தரம் கெடும். சமவெளியில் குச்சிக்கிழங்கு விளைகிறது. அதைத் தோல் நீக்கி, அரைத்து, பாலெடுத்து, தொட்டியில் படியவைத்து, குருணையாக உருட்டி, வறுத்து ஜவ்வரிசியாக்கும் ஒவ்வொரு கட்டத்திற்கும் ஓர் எந்திரம் வேண்டியுள்ளது. மேலே பழமும் கீழே கிழங்கும் வேறுவேறு பயிர்கள் என்றாலும், பருவத்தில் எந்திரம் நின்றால் இரண்டும் வீணாகும்.

சேலத்து ஜவ்வரிசித் தொழிலின் தொடக்க வரலாறு பலர் கூடிய வரலாறு. சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியாரும் பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவும் 1943இல் எளிய முறையில் உற்பத்தியைத் தொடங்கினர் என்றும், எந்திர அமைப்பை மேம்படுத்தியவர் வெங்கடாசலக் கவுண்டர் என்றும், 1981இல் உருவான சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் தன் தொழிலின் வரலாற்றைக் கூறுகிறது. வணிகம் ஒருவரிடமும் செய்முறை அறிவு ஒருவரிடமும் கைத்திறன் ஒருவரிடமும் இருந்தன என்பது இவ்வரலாற்றின் அமைப்பு. முதல் உள்ளவரிடம் திறன் இல்லாமையும் திறன் உள்ளவரிடம் முதல் இல்லாமையும் சிறு எந்திரத் தொழிலில் கூட்டை விருப்பமாக அன்றித் தேவையாகவே ஆக்குகின்றன. கூட்டு தேவை என்பதால் அது முறிவதும் அத்தொழிலின் இயல்பான சிக்கலாகிறது.

இச்சிக்கலை நம்பிக்கைத் துரோகம் என்னும் அறவியல் சொல்லால் விளக்குவது பொதுவழக்கு. அவ்விளக்கம் எதை விடுகிறது என்பதைக் காண, பிணக்கில் பயிலும் சொற்களை ஆராய வேண்டும்.

மூன்று அண்ணன்மாரும் மூன்று மலைகளும்

சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை ஆகியவற்றில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழ் பேசுவோர். இங்கு மலையாளி என்பது மலையாள மொழியினரைக் குறிப்பதன்று. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் மூன்று உடன்பிறந்தார் வழியினர் தாம் என்பது அவர்களது தோற்றக் கதை. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகளில் இக்கதை பதிவாகியுள்ளது. பெரியண்ணன் சேர்வராயன் மலையிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் தங்கினர் என்பது கதையின் சாரம். வழக்குகள் சிற்சில இடங்களில் வேறுபடினும் மூவர், மூன்று மலைகள் என்னும் அமைப்பு நிலைத்து நிற்கிறது.

இதைக் குடியேற்றக் கதையாக வாசிப்பது வழக்கம். பாகப்பிரிவினைக் கதையாகவும் இதை வாசிக்க இடமுண்டு. அவ்வாறு வாசிக்கும்போது பிணக்கற்ற பிரிவினைக்கு வேண்டிய மூன்று நிபந்தனைகள் புலனாகின்றன. முதலாவது, பிரிக்கப்படும் பொருள் இயல்பிலேயே தனித்தனியானது: ஒரு மலையை ஒருவர் கொள்வதால் மற்றொரு மலை குறைவதில்லை. இரண்டாவது, பிரிந்தவர்களுக்கு இடையே தொலைவு உண்டு: ஒருவரது வாழ்க்கை மற்றவரது அன்றாட வாழ்க்கையில் குறுக்கிடுவதில்லை. மூன்றாவது, பிறப்பு வரிசை ஐயத்திற்கு இடமின்றி அமைந்துள்ளது: பெரியவர், நடுவர், சின்னவர் என்னும் பெயர்களே வரிசையை உரைக்கின்றன.

கதை சொல்லாத ஒன்றும் கருதத்தக்கது. மூவரும் புறப்படும்போது யாரிடம் என்ன இருந்தது, வழியில் யார் எவ்வளவு செலவிட்டார், ஒருவர் மற்றவருக்கு ஏதும் தரவேண்டியிருந்ததா என்ற வினாக்கள் கதைக்குள் எழவில்லை. பிரிவினை நிகழ்ந்த நாளில் கண்முன் இருந்தவையே பிரிவுக்கு உரியவை. கடந்தது கணக்கில் வாராது. கதையின் இந்த மௌனம் குடும்பப் பிரிவினையின் அடிப்படை இயல்போடு ஒத்திருப்பதைப் பின்னர்க் காணலாம்.

‘ஆளி’ ஈற்றுச் சொற்கள்

மலையாளி, பங்காளி, கூட்டாளி, முதலாளி, தொழிலாளி ஆகிய ஐந்தும் ஆளி என்னும் ஈற்றைக் கொண்டவை. உடையவர், ஆள்பவர் என்னும் பொருளை அவ்வீறு தருகிறது. மலையை ஆள்பவர் மலையாளி, பங்கை உடையவர் பங்காளி, கூட்டை உடையவர் கூட்டாளி. ஈறு ஒன்றாயினும் அடிச்சொற்கள் வெவ்வேறு திசையில் செல்கின்றன. பகு என்னும் வேரிலிருந்து பகுதி, பகிர்வு, பங்கு ஆகியன கிளைத்தன. பகை என்பதும் அவ்வேரின் கிளையே. கூடு என்னும் வினையிலிருந்து கூட்டு, கூட்டம், கூட்டாளி ஆகியன வந்தன. ஆகவே பங்காளி என்றழைக்கும்போது பிரிவு முன்னதாகவே ஒப்புக்கொள்ளப்பட்டுவிடுகிறது. கூட்டாளி என்னும் சொல்லில் சேர்க்கை நிகழ்ந்துகொண்டிருக்கிறது.

உறவுமுறையில் பங்காளி என்பவர் தந்தைவழிச் சொத்தில் பிறப்பால் உரிமை உடையவர். அவரை எவரும் தேர்ந்தெடுப்பதில்லை, நீக்கவும் இயலாது. மாமன் மச்சான் என்னும் கொள்வினை கொடுப்பினை உறவுக்கு எதிர்நிலையில் நிற்பது பங்காளி உறவு. தொழிற்பேச்சில் இச்சொல் நுழையும்போது பிறப்புரிமை என்னும் கருத்தும் உடன் நுழைகிறது. ஒப்பந்தத்தால் வந்தவர் பிறப்பால் வந்தவரைப்போலத் தம்மைக் கருதத் தொடங்குகிறார். மற்றவரையும் அவ்வாறே கருதுகிறார்.

பங்குதாரர் என்பது பங்கு என்னும் தமிழ்ச் சொல்லோடு பாரசீகத் தார் ஈறு சேர்ந்த கலப்புச் சொல். மிராசுதார், ஜமீன்தார் போன்ற நிலவுடைமைச் சொற்களின் வரிசையில் நிற்பது. இன்றைய பாடநூல்களில் அது நிறுமத்தின் பங்குகளை வைத்திருப்பவரைக் குறிக்கிறது. பேச்சிலோ தொழிலில் உடன் சேர்ந்தவரையும் குறிக்கிறது. கணக்கியல் பாடநூல்கள் கூட்டாளி, கூட்டாண்மை, கூட்டாண்மை ஒப்பாவணம் ஆகியவற்றை ஆண்டு இக்குழப்பத்தைத் தவிர்த்துள்ளன. எனினும் வகுப்பறையில் கூட்டாளி என்று கற்ற மாணவர் பட்டறைக்குள் நுழைந்ததும் பங்கு என்னும் சொல்லுக்கே திரும்புகிறார்.

இன்னொரு மறைப்பும் நிகழ்கிறது. ஒருவர் முதலிட மற்றவர் லேத்தில் நின்று வேலை செய்யும் கூட்டில், உண்மை உறவு முதலாளி – தொழிலாளி உறவை நெருங்கியதாக இருக்கக்கூடும். இருவரையும் பங்காளி என்னும் ஒரே சொல்லால் குறிக்கும்போது அவ்வேறுபாடு கண்ணுக்குப் படாமற் போகிறது. தொழில் நன்கு நடக்கும் காலத்தில் அச்சொல் சமத்துவமாக ஒலிக்கிறது. பிணக்கு எழும்போது, தான் வெறும் கூலிக்காரனா என்று ஒருவரும், தன் பணத்தில் வளர்ந்தவன் என்று மற்றவரும் பேசத் தொடங்குவதன் வேர் அம்மறைப்பில் உள்ளது.

பட்டறையில் எது பங்கு?

நிலத்தை வரப்பிட்டுப் பிரிக்கலாம். பட்டறையில் அவ்வாறு பிரிக்கத்தக்கது மிகக் குறைவு. லேத்தை ஒருவரும் துளையிடும் எந்திரத்தை மற்றொருவரும் எடுத்துக்கொள்ளலாம் எனினும், பிரிந்தபின் இரண்டு எந்திரங்கள் கிடைக்குமே அன்றி இரண்டு பட்டறைகள் கிடைக்கா. கடைசலும் துளையிடலும் ஒரே உறுப்பின் அடுத்தடுத்த வேலைகள். ஒன்றின்றி மற்றதற்கு வேலை இல்லை.

வார்ப்புக்கு வேண்டிய மர அச்சு இதைவிடச் சிக்கலானது. ஓர் எந்திரத்தின் உடற்பகுதியை வார்க்க ஓர் அச்சு. அதை வைத்திருப்பவர் அடுத்த எந்திரத்தை வார்க்க முடியும், மற்றவரால் முடியாது. அச்சின் மரவிலை சிறிது. அதனால் கிட்டும் தொழில் பெரிது. பொருளின் விலையைக் கொண்டு பங்கு பிரிப்போர் அச்சை மரமாக மதிப்பிட்டுப் பெரும் பிழை செய்கின்றனர்.

வரைபடத்தின் இயல்போ இதற்கு நேர்மாறானது. அதைப் படியெடுத்தால் இருவரிடமும் முழுமையாக இருக்கும். ஒருவர் கொண்டதால் மற்றவருக்குக் குறையவில்லை என்பதில் அது மூன்று அண்ணன்மார் மலைகளை ஒத்தது. ஆனால் இருவரும் ஒரே சந்தையில் ஒரே எந்திரத்தைச் செய்ய அது வழிவகுக்கிறது என்பதில் அக்கதையின் தொலைவு இங்கு இல்லை. ஒரே தெருவில் எதிரெதிரே இரு பலகைகள் தொங்கும் நிலை அவ்வாறே உருவாகிறது.

பெயரும் வாடிக்கையும் பிரிவுக்கு முற்றிலும் இணங்காதவை. எந்திரத்தின் மீது பொறித்த பெயரை நம்பியே விவசாயி வாங்குகிறார். கூட்டாண்மைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு நிறுவனத்தின் நற்பெயரையும் அதன் சொத்தில் அடக்குகிறது. கலைப்புக்குப் பின் நற்பெயரைத் தனியாகவோ பிற சொத்துகளோடு சேர்த்தோ விற்கலாம் என்பது 55ஆம் பிரிவு. கணக்கு முடியும்வரை நிறுவனப் பெயரில் எவரும் அதேபோன்ற தொழிலை நடத்தாதவாறு, மாறான ஒப்பந்தம் இல்லாதபோது, தடைகோர 53ஆம் பிரிவு இடந்தருகிறது. ஆகவே பெயரைச் சட்டம் விற்கவும் காக்கவும் தக்க பொருளாகக் காண்கிறதே தவிர, இரண்டாக வெட்டத்தக்க பொருளாகக் காண்பதில்லை.

பிரிவினைப் பேச்சில் இடம்பெறாதவர் ஒருவரும் உளர்: முன்பணம் தந்து எந்திரத்திற்குக் காத்திருப்பவர். 25ஆம் பிரிவின்படி நிறுவனத்தின் செயலுக்குக் கூட்டாளிகள் அனைவரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பாளிகள். கலைப்பை முறையாகப் பொது அறிவிப்புச் செய்யும்வரை அப்பொறுப்பு வெளியாரிடத்துத் தொடரும் என 45ஆம் பிரிவு கூறுகிறது. பட்டறையில் சண்டை கார்த்திகையில் வந்தால், மேலே தோட்டத்தில் பழம் கார்த்திகையிலேயே பழுக்கிறது. பல்ப்பருக்கு உறுப்பு கேட்டு வந்தவரிடம், அது அவர் பங்குக்குப் போன வேலை என்று கூறுவது பாகப்பிரிவினை மொழியில் இயல்பானது, சட்டத்தில் செல்லாதது.

1936ஆம் ஆண்டுக் கரார்

இவ்விரு மொழிகளும் மோதிய இடத்தைக் காட்டும் வழக்கு 1966இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த அத்தங்கி நாராயணப்பா – பாஸ்கர கிருஷ்ணப்பா வழக்கு. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த அனந்தப்பூர் மாவட்டத்தில், நெல் குத்துதல், நிலக்கடலை உடைத்தல் ஆகிய தொழில்களை இரண்டு கூட்டுக்குடும்பங்கள் பாதிக்குப் பாதி பங்கில் நடத்திவந்தன. எந்திரம் செய்யும் தொழில் அன்று, எந்திரத்தைக் கொண்டு நடத்தும் தொழில்தான். எனினும் எந்திரத்தின் மீதான பங்கு என்பதன் பொருளைத் தீர்மானித்ததில் இவ்வழக்குப் பட்டறைக்கும் வழிகாட்டியாகிறது.

ஒரு குடும்பத்தார் 1936இல் மற்றக் குடும்பத்தாருக்குக் கரார் ஒன்று எழுதிக் கொடுத்தனர். அது சொல்லாடல் ஆய்வுக்கு அரிய பனுவல். தங்கள் குடும்பத்திற்குள் பாகப்பிரிவினைத் தகராறு எழுந்துள்ளதால் கூட்டுத் தொழிலைத் தொடர இயலாது என்பது அதில் கூறப்பட்ட காரணம். அன்று முதல் எந்திரம் முதலியவற்றிலும் தொழிலிலும் தங்களுக்குள்ள பங்கை விட்டுக்கொடுப்பதாகவும், இனி இலாப நட்டத்தில் தொடர்பில்லை எனவும், அதற்கு ஈடாக முன்பே ஒரு சொத்து தங்களிடம் ஒப்படைக்கப்பட்டது எனவும் கரார் உரைக்கிறது.

இதில் கவனிக்கத்தக்கவை இரண்டு. ஒன்று, கூட்டு முறிந்ததற்கான காரணம் தொழிலில் இல்லை. பங்காளிகளின் பூசல் கூட்டாளிகளின் உறவை உடைத்துள்ளது. மற்றொன்று, எழுதியவர்கள் எந்திரத்தில் தமக்குப் பங்கு உண்டு என்று நம்பியே அதை விட்டுக்கொடுக்கின்றனர். நிலத்தில் பங்கு விடும் வாசகமே எந்திரத்திற்கும் பயன்பட்டுள்ளது.

கரார் பதிவு செய்யப்படவில்லை. ஆலையும் நிலமும் அசையாச் சொத்து. அதில் உள்ள பங்கை விட்டுக்கொடுக்கும் ஆவணம் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி பதிவாக வேண்டாவா என்பது வழக்கின் வினா. வேண்டா என்றது உச்ச நீதிமன்றம். கூட்டு நீடிக்கும்வரை நிறுவனச் சொத்தின் எந்தத் தனிப் பகுதியையும் தன்னுடையது என்று கூறக் கூட்டாளிக்கு உரிமை இல்லை. அவருக்குரியது இலாபத்தில் பங்கும், கலைப்புக்குப் பின் கடன்கள் தீர்ந்து எஞ்சும் தொகையில் பங்குமே ஆகும். ஆதலின் அவரது உரிமை அசையும் சொத்தின் தன்மையது என்பது தீர்ப்பின் கருத்து. கராரை எழுதியவர்கள் எந்திரத்தில் பங்கு என்று எழுதினர். நீதிமன்றம் அதைத் தொகையில் பங்கு என்று வாசித்தது. பங்காளி மொழியில் எழுதப்பட்ட பனுவல் கூட்டாளி மொழியில் வாசிக்கப்பட்டது எனலாம்.

சட்டத்தின் சொல்லும் அதன் எல்லையும்

1932ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஆம் பிரிவு இவ்வேறுபாட்டை வெளிப்படையாகவே வகுத்துள்ளது. கூட்டாண்மை ஒப்பந்தத்தால் எழுவது, பிறப்புநிலையால் எழுவதன்று. குடும்பத் தொழிலை நடத்தும் இந்துக் கூட்டுக்குடும்ப உறுப்பினர் அதனாலேயே கூட்டாளிகள் ஆகார் என்பது அப்பிரிவின் கருத்து. அண்ணன் தம்பியர் பட்டறை நடத்தினாலும், ஒப்பந்தம் செய்திருந்தால் பட்டறைக்குள் கூட்டாளிகள், வீட்டில் பங்காளிகள். ஒரே ஆள் இரண்டு உறவில் நிற்கிறார்.

சட்டம் இதைத் தெளிவாக்கியபோதிலும் அதனிடமும் குறைகள் உள. 13ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, தொழிலை நடத்தியதற்காகக் கூட்டாளி ஊதியம் கோர முடியாது. இலாப நட்டமும் சமமாகவே பகிரப்படும். நாள் முழுதும் லேத்தில் நிற்பவரும் மாதம் ஒருமுறை வந்து செல்பவரும் இதன்முன் ஒன்றே. உழைக்கும் கூட்டாளிக்கு ஊதியம் வேண்டுமெனில் அதை ஒப்பாவணத்தில் எழுதியிருக்க வேண்டும். 1961ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டமும் ஒப்பாவணத்தில் குறிப்பிட்ட ஊதியத்தையே செலவாக ஏற்றது. எழுதாத உழைப்பைச் சட்டம் காண்பதில்லை.

69ஆம் பிரிவு இதனினும் ஆழ்ந்த விளைவுடையது. நிறுவனத்தைப் பதிவு செய்வது கட்டாயமன்று. பதிவு செய்யாத நிறுவனத்தின் கூட்டாளி, ஒப்பந்தத்தால் வந்த உரிமையைக் கோரி நிறுவனத்தின் மீதோ உடன்கூட்டாளி மீதோ வழக்குத் தொடர முடியாது. நிறுவனத்தைக் கலைக்கவும், கலைந்த நிறுவனத்தின் கணக்கைக் கேட்கவும் மட்டும் விலக்கு உண்டு. பட்டறை ஓடிக்கொண்டிருக்க வேண்டும், தனக்குரிய இலாபம் மட்டும் வேண்டும் என்று எண்ணும் கூட்டாளிக்குச் சட்டம் இவ்விடத்தில் தரும் ஒரே வாசல், பட்டறையைக் கலை என்பதாகும். சேர்தலை வரையறுக்க எழுந்த சட்டம், பதிவில்லாத சிறு பட்டறையைப் பிரிவினையை நோக்கியே தள்ளுகிறது. பாகப்பிரிவினை மொழி வழக்கில் நிலைத்திருப்பதற்கு மரபு மட்டும் காரணமன்று. சட்டத்தின் இவ்வமைப்பும் துணை நிற்கிறது.

காலவரம்பும் கருதத்தக்கது. கலைந்த நிறுவனத்தின் கணக்கையும் இலாபப் பங்கையும் கோரும் வழக்கை, 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தின்படி, கலைந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். பெரியவர்கள் கூடிப் பேசுவார்கள், தை பிறக்கட்டும், திருமணம் முடியட்டும் என்று உறவின் காலத்தில் காத்திருப்போர் சட்டத்தின் காலத்தை இழக்கின்றனர்.

கூட்டாளி இறந்தால் அவர் மனைவி மக்களின் நிலை இன்னும் கடினமானது. மாறான ஒப்பந்தம் இல்லாதபோது இறப்பால் நிறுவனம் கலைகிறது என்பது 42ஆம் பிரிவு. இருவர் மட்டுமே உள்ள நிறுவனத்தில் அத்தகைய ஒப்பந்தம் இருந்தும் பயனில்லை என்பது சேட் கோவிந்தராம் சுகர் மில்ஸ் வழக்கில் 1965இல் உச்ச நீதிமன்றம் கூறியது; ஒருவர் மட்டும் எஞ்சிக் கூட்டு இராது. பங்காளியின் மனைவி என்னும் நிலையில் அவர் எந்திரத்தைக் கேட்கிறார். சட்டம் அவருக்குக் கணக்கைக் கேட்கும் உரிமையைத் தருகிறது. கணக்கு முடியாமலே மற்றவர் அச்சொத்தைக் கொண்டு தொழிலைத் தொடர்ந்தால், மாறான ஒப்பந்தம் இல்லாதபோது, அச்சொத்தால் வந்த இலாபத்தில் உரிய பகுதியையோ பங்குத் தொகைக்கு ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டியையோ தெரிந்துகொள்ளும் உரிமை 37ஆம் பிரிவில் உள்ளது. எந்திரத்தைக் கேட்டு மறுக்கப்பட்டவர், தாம் கேட்க வேண்டியது வேறொன்று என்பதை அறியாமலே திரும்ப நேர்கிறது.

‘கணக்குப் பார்த்தால் பிணக்கு வரும்’

மேற்கண்டவற்றை இணைக்கும் இழை கணக்கு. கணக்குப் பார்த்தால் பிணக்கு வரும் என்பது தமிழ்ப் பழமொழி. உறவினருக்குள் கொடுக்கல் வாங்கலை நுணுகிப் பார்க்கலாகாது என்பது அதன் அறிவுரை. குடும்பப் பிரிவினைச் சட்டமும் ஏறத்தாழ இதே நிலையில் நிற்கிறது. கூட்டுக்குடும்பம் பிரியும்போது, மோசடியோ கையாடலோ இல்லாத நிலையில், குடும்பத் தலைவர் கடந்தகால வரவு செலவுக்குக் கணக்கு ஒப்புவிக்க வேண்டியதில்லை. பிரிவு நாளில் உள்ள சொத்தே பிரிவுக்குரியது. மூன்று அண்ணன்மார் கதையின் மௌனமும் இதுவே. கதை, பழமொழி, குடும்பச் சட்டம் ஆகிய மூன்றும் ஒரே உலகைச் சேர்ந்தவை.

கூட்டாண்மை உலகு வேறு. ஒருவர்க்கொருவர் நேர்மையாக இருத்தலையும், உண்மையான கணக்கையும் முழுமையான தகவலையும் தருதலையும் 9ஆம் பிரிவு ஒரே தொடரில் கடமைகளாக வைக்கிறது. ஏடுகளைப் பார்வையிடவும் படியெடுக்கவும் ஒவ்வொரு கூட்டாளிக்கும் 12ஆம் பிரிவு உரிமை தருகிறது. கலைப்பின்போது வெளியார் கடன், கூட்டாளி தந்த முன்பணம், முதல், எஞ்சிய தொகை என்னும் வரிசையைக் கூறும் 48ஆம் பிரிவு முழுவதும் கணக்கே. இங்குக் கணக்குப் பாராமையே பிணக்குக்கு வித்து.

பேரேட்டைக் காட்டு என்று கேட்பது பட்டறைப் பேச்சில் என்மேல் நம்பிக்கை இல்லையா என்னும் எதிர்வினாவைத் தோற்றுவிப்பதன் காரணம் இதனால் விளங்கும். கேட்பவர் கூட்டாளியாகக் கேட்கிறார். கேட்கப்படுபவர் பங்காளியாகப் புண்படுகிறார். அதைத் தனிமனிதக் குணக்கேடாக மட்டும் கொள்வது போதாது. கணக்கை நம்பிக்கைக்கு எதிராக நிறுத்துவது தமிழ் மரபு முழுமைக்கும் உரிய நிலையும் அன்று. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்னும் பழமொழி நெருங்கிய உறவிலும் தனிக்கணக்கை ஒப்புகிறது. திருக்குறளின் தெரிந்துதெளிதல் அதிகாரம், ஆராயாமல் நம்புவதையும் நம்பியபின் சந்தேகிப்பதையும் ஒருங்கே துன்பமாகக் காண்கிறது. ஆராய்ந்து நம்புக என்னும் அம்மரபு கூட்டாண்மைக்கு நெருக்கமானது. வழக்கில் முன்னிற்கும் பழமொழியோ குடும்பத்திற்குரியது.

முடிவுரை

இவ்வாய்வின் வழிப் பெறப்படுவன வருமாறு:

1. பங்காளி, பங்குதாரர் ஆகிய சொற்கள் பிறப்புரிமை, பொருள்வழிப் பிரிவு, கணக்கின்மை ஆகிய கருத்துகளைத் தொழிற்கூட்டுக்குள் கொண்டுவருகின்றன. கூட்டாளி என்னும் சொல் அச்சுமையின்றி அமைந்துள்ளது.

2. சேர்வராயன் மலைத் தோற்றக் கதை பிணக்கற்ற பிரிவினையின் இலக்கண வடிவம். தனித்தனிப் பொருள், தொலைவு, பிறப்பு வரிசை ஆகிய அதன் மூன்று நிபந்தனைகளும் எந்திரப் பட்டறையில் இல்லை.

3. 1936ஆம் ஆண்டுக் கராரும் 1966ஆம் ஆண்டுத் தீர்ப்பும், எந்திரத்தில் பங்கு என்னும் வழக்குக்கும் எஞ்சும் தொகையில் பங்கு என்னும் சட்டக் கருத்துக்கும் உள்ள இடைவெளியைக் காட்டுகின்றன.

4. இவ்விடைவெளிக்கு மக்களின் அறியாமை மட்டும் காரணமன்று. பதிவில்லாத நிறுவனத்தின் கூட்டாளிக்குக் கலைப்பை மட்டும் தீர்வாகத் தரும் 69ஆம் பிரிவும் பிரிவினை மொழியை வலுப்படுத்துகிறது.

5. உழைப்பின் மதிப்பு, மர அச்சும் வரைபடமும் யாரிடம் இருக்கும் என்பது, பெயரின் உரிமை, ஆண்டுக்கு ஒருமுறை கணக்கில் அனைவரும் கையெழுத்திடுதல், இறந்தவர் குடும்பத்திற்குத் தொகை கணக்கிடும் முறை ஆகிய ஐந்தும் தமிழில் எழுதப்படும் ஒப்பாவணங்களில் இடம்பெற வேண்டியவை. கூட்டு நன்கு நடக்கும் காலத்தில் இவற்றை எழுதுவது அவநம்பிக்கையாகத் தோன்றுவது, ஒப்பந்த உறவைக் குடும்பத்தின் சொற்களால் அளப்பதன் விளைவு.

தமிழகத்தின் பல பகுதிகளில் எழுதப்பட்ட கூட்டு ஒப்பாவணங்களையும் விடுதலைப் பத்திரங்களையும் தொகுத்து, அவற்றின் தொடரமைப்பைப் பாகப்பிரிவினைப் பத்திரங்களோடு ஒப்பிடும் ஆய்வு இதன் அடுத்த கட்டமாக அமையலாம். நிலத்தைப் பற்றிய சொல் எந்திரத்திற்கு எந்த வாசகத்தின் வழி வந்துசேர்ந்தது என்பதை அத்தகைய தொகுப்பே காட்டும்.